முள் இறங்கவில்லை

லிஃப்ட் பழுது பார்ப்பது என் தொழில். வெளியூரில் அதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் வைத்திருந்தேன். சொன்னால் போதும், நோயாளியைப் பார்க்கப் போன ஆஸ்பத்திரியில்கூட ஒருவர் வந்து, "நம்ம லிஃப்டை ஒரு பார்வை பார்த்துடுங்களேன்" என்று கையைப் பிடித்துக்கொள்வார். லீவு போட்டுவிட்டு என் நண்பன் குண்டூசியைப் பார்க்கப் போனபோது பையில் கருவி எதையும் வைக்கவில்லை. பழக்கதோஷத்தில் ஒரு திருப்புளி மட்டும் அடியில் கிடந்தது. அதையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

குண்டூசி என்னோடு தொழிற்பயிற்சிப் பள்ளியில் படித்தவன். அப்போது அவன் பலமாகத் தும்மினால் நாங்கள்தான் தாங்கிப் பிடிக்க வேண்டும், அத்தனை ஒல்லி. இப்போது அந்த நகரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். கூடவே நல்ல தொப்பையும் வைத்திருக்கிறான். பட்டப்பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. பேருந்து நிலையத்துக்கு மகளையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தான். முதல் வகுப்புப் படிக்கிற பெண். வீட்டில் எல்லாரும் பட்டாணி என்றுதான் கூப்பிடுகிறார்கள். முன்பல் இரண்டும் விழுந்த வாயால் என்னைப் பார்த்துச் சிரித்து, கேட்காமலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர்கள் வீடு ஐந்தாவது மாடியில். லிஃப்ட் கதவு திறந்ததும் குண்டூசி உள்ளே ஏறினான். பட்டாணி வெளியிலேயே நின்று என் கையைப் பின்னால் இழுத்தாள்.

"லைட் வரட்டும் மாமா."

மின்சாரத்தை மிச்சப்படுத்தச் செய்யும் ஏற்பாடு அது. லிஃப்ட் பெட்டியின் தரைக்கு அடியில் எடையை உணரும் கருவி இருக்கும். ஆள் ஏறினால்தான் விளக்கும் விசிறியும் ஓடும், பெட்டி காலியானால் தானே அணையும். பொத்தான்களுக்கு மேலே சிவப்பு எழுத்தில் எடையும் தெரிந்தது. யார் அதிகமாக ஏறிச் சுமை மணி அடிக்க வைத்தது என்று குடியிருப்புக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டதால் அதை வைத்தார்களாம். குண்டூசி ஏறியதும் எண்பத்தெட்டு என்று காட்டி, விளக்கு எரிந்தது. அதற்குப் பிறகுதான் பட்டாணி காலை உள்ளே வைத்தாள்.

"இருட்டுன்னா உசிரு போயிடும் இவளுக்கு. பாத்ரூமுக்குக்கூட ஆள் கூட வரணும்" என்றான் குண்டூசி.

"எனக்குக் கூட்டத்துல பயம். ஒவ்வொருத்தருக்கு ஒண்ணு" என்றேன் நான். பட்டாணிக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது போலும், வீடு வரும்வரை கையை விடவில்லை.

பட்டாணிக்குப் பள்ளி விடுமுறை. மறுநாள் குண்டூசியும் கடைக்கு லீவு விட்டான். அவன் மனைவி ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள், அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. "அண்ணா, இவர் கூட்டிட்டுப் போற இடமெல்லாம் கிறுக்குத்தனமா இருக்கும். முதல்லயே சொல்லிடுறேன்" என்று எச்சரித்துவிட்டுப் போனாள்.

அவள் சொன்னது பொய்யில்லை. பெரிய கோபுரம், பெரிய பூங்கா எதையும் அவன் காட்டவில்லை. எல்லாரும் பார்ப்பதைப் பார்க்க நீ எதற்கு என்னிடம் வர வேண்டும் என்று கேட்டான். முதலில் ஒரு சாய்ந்த வீடு. உள்ளே பந்தை விட்டால் மேட்டைப் பார்த்து உருளும். பட்டாணி பத்து தடவை உருட்டினாள், எனக்குத் தலை சுற்றியது. பிறகு சுவரே இல்லாமல் கதவுகள் மட்டும் நிற்கிற ஒரு தோட்டம். ஒவ்வொரு கதவையும் தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும் என்று பட்டாணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நான் இருபது வருஷமாக இவ்வளவு சிரித்ததில்லை.

மூன்றாவதாகப் போனது பழைய துறைமுகத்துச் சரக்குக் கொட்டகைக்கு.

வெளியே வெயிலில் கண் கூசியது. உள்ளே காலை வைத்ததும் கண் இருட்டியது. துரு, ஈரச் சாக்கு, பழைய உப்பு எல்லாம் கலந்து ஒரு வாடை. உயரத்தில் ஒரே ஒரு பல்பு. நடுவில் தரையோடு தரையாக, ஓர் அறை அளவுக்கு இரும்புத் தகடு. எதிர்ச் சுவரில் ஆள் உயரத்துக்கு வட்ட முகப்பு, அதில் ஒற்றை முள். அந்தக் காலத்தில் கப்பல் ஏறுகிறவர்களைக் குடும்பம் குடும்பமாக மூட்டை முடிச்சோடு இதில் ஏற்றி நிறுப்பார்களாம். இப்போது வருகிறவர்கள் விளையாட்டுக்கு ஏறிப் பார்க்கிறார்கள்.

தராசைப் பார்த்துக்கொள்ள ஓர் அக்கா இருந்தார். சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டே, மனப்பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னார்: "ஒவ்வொருத்தரா இறங்குங்க. முள் பூஜ்யத்துக்கு வர்ற வரைக்கும் நின்னுட்டுப் போங்க."

"எதுக்குக்கா?"

"எனக்கு முன்னாடி இருந்தவங்க சொன்னாங்க. நானும் சொல்றேன்."

முதலில் தனித்தனியாக ஏறினோம். குண்டூசி ஏறியபோது முள் போன வேகத்தைப் பார்த்து நான் கைதட்டினேன். பட்டாணி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றாள். முள் இருபத்திரண்டில் நின்றது. "ஸ்கூல்லயும் இதேதான் காட்டுச்சு" என்று அவளுக்குப் பெருமை. பிறகு மூன்று பேரும் சேர்ந்து ஏறினோம்.

"சுமை அதிகமா இருந்தா என்ன பண்ணுவாங்கக்கா? கப்பல்ல ஏத்த மாட்டாங்களா?" என்று கேட்டேன். தொழில் புத்தி.

"எதையாவது இறக்கி வெச்சுட்டுப் போவாங்களாம்."

"எதை?"

அவர் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டார். "கையில இருக்கிறதை."

குண்டூசி அவசரப்படுத்தினான். அடுத்தது குடை அருங்காட்சியகம், பேருந்துகளில் மறந்துவிட்டுப் போன குடைகளையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறார்களாம், சீக்கிரம் மூடிவிடுவார்களாம். அவன் இறங்கினான். நான் இறங்கினேன். பட்டாணி குதித்தாள்.

"நில்லுங்க, முள் இறங்கல" என்றார் அக்கா.

பத்தொன்பதில் நின்றது. தகட்டின் மேல் யாரும் இல்லை.

"ஸ்பிரிங் தளர்ந்து போச்சுக்கா. யாரையாவது விட்டுக் கொஞ்சம் எண்ணெய் போடச் சொல்லுங்க" என்றேன். எடை, முள், ஸ்பிரிங் என்று வந்துவிட்டால் என் வாய் சும்மா இருக்காது.

"அப்படி நின்னா திரும்ப ஏறி இறங்கணும் தம்பி. ஏறுங்க."

"டைம் இல்லக்கா, அடுத்த தடவை!" என்று குண்டூசி மகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். நானும் பின்னால் போனேன். வாசலில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன்.

அப்போதுதான் முள் பூஜ்யத்துக்கு வந்தது.

தளர்ந்த ஸ்பிரிங் விடுபட்டால் முள் தயங்கித் தயங்கி, ஆடி ஆடித்தான் இறங்கும். இது அப்படி இறங்கவில்லை. மேலே நின்ற ஒருவர் காலை எடுத்துக் கீழே வைத்தால் எப்படி இறங்குமோ, அப்படி ஒரே வீச்சில் இறங்கியது. எனக்கு அந்த வித்தியாசம் தெரியும். தெரிந்தும், குடை பார்க்கப் போனேன்.

அன்று சாயங்காலம் வீடு திரும்பி ஐந்தாவது மாடியில் இறங்கிய பிறகும் லிஃப்டில் விளக்கு அணையவில்லை. விசிறியும் ஓடிக்கொண்டே இருந்தது. காலையில் குடியிருப்புச் செயலாளர் வந்து கதவைத் தட்டினார். ராத்திரி முழுக்கக் காலி லிஃப்டில் விளக்கு எரிந்ததாம், மின்கட்டணம் யார் அப்பன் கட்டுவான் என்று கேட்டார். குண்டூசி என்னைப் பார்த்தான். எனக்குப் புரிந்துவிட்டது.

"ஒரே ஒரு பார்வைடா" என்றான்.

மத்தியானச் சாப்பாடு ஆனதும் திருப்புளியை எடுத்துக்கொண்டு போனேன். வீட்டுக் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் பட்டாணியும் அவள் அப்பாவும் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். லிஃப்ட் காலியாக, பளிச்சென்று நின்றது. உள்ளே துரு வாடை அடித்தது. ஈரச் சாக்கின் வாடையும்.

எடை பத்தொன்பது என்று காட்டியது.

அந்த எண்ணை நேற்று எங்கே பார்த்தேன் என்று எனக்கு உடனே தோன்றவில்லை. அதுதான் என் தலையெழுத்து. தினமும் நூறு எண் பார்க்கிறவனுக்கு எல்லா எண்ணும் ஒன்றுதான். பெட்டியில் கல், மூட்டை ஏதாவது கிடக்கிறதா என்று மேலும் கீழும் பார்த்தேன். எதுவும் இல்லை. காலிப் பெட்டி எடை காட்டினால், அதை அப்படியே காலி என்று கருவிக்குச் சொல்லிப் பூஜ்யம் வைத்துவிடுவது எங்கள் வழக்கம். கருவிக்கு வயதாகிவிட்டது, கணக்குத் தப்பிவிட்டது என்று எடுத்துக்கொள்வோம். வெளியே நின்றபடியே கையை நீட்டிப் பலகையைக் கழற்றி உள்ளேயிருந்த பொத்தானை அழுத்தினேன்.

பத்தொன்பது போய்ப் பூஜ்யம் வந்தது. விசிறி நின்றது. விளக்கு அணைந்தது.

குண்டூசி கைதட்டினான். பட்டாணி இருண்ட லிஃப்டையே பார்த்துக்கொண்டு, "பாவம்" என்றாள். யார் பாவம் என்று நான் கேட்கவில்லை.

பலகையை மாட்டித் திருகாணியை முடுக்கிவிட்டு நிமிர்ந்தேன். எண் மாறியிருந்தது.

பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது. எண்ணுக்கு முன்னால் சின்னதாக ஒரு கோடு.

இந்தத் தொழிலில் நான் பார்க்காத கோளாறு இல்லை. ஆனால் காலிப் பெட்டி அதைவிடவும் காலியாகி நான் பார்த்ததில்லை. அப்படி ஆக வேண்டுமென்றால் ஒரே ஒரு வழிதான் உண்டு. நான் பூஜ்யம் வைத்தபோது பெட்டிக்குள் யாரோ நின்றிருக்க வேண்டும்.

விளக்கு அணைந்ததும் இறங்கிவிட்டிருக்க வேண்டும்.

லிஃப்டுக்கு எதிரே வீட்டுக் கதவு திறந்திருந்தது. கொட்டகையின் முள் அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

உள்ளே கூடத்தின் மூலையில், தொப்பையைக் குறைக்கக் குண்டூசி வாங்கிப் போட்ட கண்ணாடித் தராசு ஒன்று கிடக்கும். மேலே ஆள் நின்றால் மட்டும் எண் ஒளிரும். பட்டாணி என் பக்கத்தில் நின்றாள். குண்டூசி என் பக்கத்தில் நின்றான். அவன் மனைவி வேலைக்குப் போய்விட்டாள்.

தராசில் எண் ஒளிர்ந்தது. என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

குண்டூசி என் தோளைப் பிடித்தான். "என்னடா அது?" என்று கிசுகிசுத்தான். எண் அணைந்தது. கூடத்தில் பட்டாணியின் பள்ளி ஷூ கிடந்தது. அதில் ஒன்று லேசாக நகர்ந்தது. யாரோ காலை நுழைத்துப் பார்ப்பது போல இருந்தது.

"அது என் ஷூ" என்றாள் பட்டாணி. அழுகிற குரல்.

பட்டப்பகல் அது. ஜன்னல் வழியாக வெயில் விழுந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. பட்டாணி அப்பாவின் இடுப்பில் ஏறிக்கொண்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு குண்டூசி கூடத்துக்குள் போன திசையிலெல்லாம் தரைப் பாய் ஓரிடத்தில் அமுங்கி, கூடவே வந்தது. அவளிடமிருந்து ஓரடி தள்ளி.

"அந்தக்கா என்ன சொன்னாங்க? திரும்ப ஏறி இறங்கணும்னுதானே சொன்னாங்க?" என்றான் குண்டூசி. "வா, ஏறி இறங்கிடலாம். அதை அங்கேயே விட்டுட்டு வந்துடலாம்."

லிஃப்டைக் கூப்பிட்டோம். கதவு திறந்தது. உள்ளே இருட்டு. அதே கோடு போட்ட பத்தொன்பது. நாங்கள் யாரும் ஏறவில்லை. பட்டாணியின் தலை அப்பாவின் கழுத்தில் புதைந்திருந்தது.

எண் பூஜ்யமானது.

விளக்கு எரியவில்லை. எரியாது. அந்த எடையைத்தான் நான் ஆள் இல்லை என்று லிஃப்டுக்குச் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறேனே.

"முதல்ல ஏறிடுச்சு" என்றேன்.

படிக்கட்டில் இறங்கி ஓடிவிடலாம் என்று குண்டூசி சைகை செய்தான். ஓடி என்ன பயன்? அதையும் அழைத்துக்கொண்டு போனால்தானே விட்டுவிட்டு வர முடியும்? மூன்று பேரும் ஏறினோம். எங்களால் விளக்கு எரிந்தது. கீழே போகும்வரை நான் மூலையைப் பார்க்கவில்லை.

கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தபோது மூடும் நேரம். அக்கா எங்களைப் பார்த்ததும் பழக்கூடையைக் கீழே வைத்தார்.

"ஏறுங்க. ஒவ்வொருத்தரா இறங்கிடுங்க. எல்லாரும் இறங்கின பிறகும் முள் நின்னா, கூட வந்தது அங்கயே நின்னுடுச்சுன்னு அர்த்தம். அப்படியே திரும்பிப் பார்க்காம போயிடுங்க. எனக்குச் சொன்னது அவ்வளவுதான்."

"யார் முதல்ல இறங்கணும்க்கா?" என்றான் குண்டூசி.

"அது எனக்குத் தெரியாதே தம்பி."

எனக்குத் தெரியும் என்று நான் நினைத்தேன். லிஃப்டைச் சோதிக்க எடைக் கற்களை ஏற்றி இறக்கும்போது, கனமானதை முதலில் இறக்குவோம், லேசானதைக் கடைசியில். மிச்சம் என்ன நிற்கிறது என்று முள்ளில் தெளிவாகத் தெரிய வேண்டும் அல்லவா? "நீ முதல்ல இறங்கு. அப்புறம் நான். பட்டாணி கடைசி" என்றேன். பதற்றத்தில் இருக்கிறவனுக்கு விஷயம் தெரிந்த ஆள் சொல்வது வேதவாக்கு. அவன் தலையாட்டினான்.

இன்றுவரை அந்த ஒரு வாக்கியம் என்னைத் தூங்க விடவில்லை.

குண்டூசி இறங்கினான். நான் இறங்கினேன். அத்தனை பெரிய தகட்டின் நடுவில் பட்டாணி தனியாக நின்றாள். கண்ணுக்குத் தெரிந்தவரை தனியாக. முள் நாற்பத்தொன்றில் நின்றது.

"அப்பா, கையைப் பிடி."

"இதோடி செல்லம், ஒரே குதி, வந்துடு."

பல்பு அணைந்தது.

மின்சாரம் போய் வருவது எங்கும் நடப்பதுதான். கண்ணை மூடித் திறக்கிற நேரம். அந்த இருட்டில் பட்டாணி ஒரு தடவை "அப்பா!" என்று கத்தினாள். கத்தல் முடிவதற்குள் வாயைப் பொத்தினால் எப்படி இருக்குமோ, அப்படிப் பாதியில் நின்றது.

வெளிச்சம் வந்தது. பட்டாணி அதே இடத்தில் நின்றிருந்தாள். அழவில்லை. நிதானமாக நடந்து வந்து, தகட்டின் விளிம்பைத் தாண்டி இறங்கினாள். குண்டூசி அள்ளி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டான்.

முள் இறங்கவில்லை. நின்றுவிட்டது.

"நின்னுடுச்சுடா! நின்னுடுச்சு!" என்று குண்டூசி அழுதுகொண்டே சிரித்தான். நானும் சிரித்தேன். முள் பூஜ்யத்தில் இல்லை என்பதை மட்டும் பார்த்தேன். எங்கே நிற்கிறது என்று பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் போங்கள் என்று அக்கா சொல்லியிருந்தார், போய்விட்டோம்.

வழியெல்லாம் குண்டூசி பேசிக்கொண்டே வந்தான். அந்தக் கண்ணாடித் தராசை இன்றைக்கே தூக்கிப் போட்டுவிடுவானாம். இனிமேல் ஊர் சுற்றினால் எல்லாரும் பார்க்கும் பூங்காவுக்குத்தானாம். பட்டாணி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டு வந்தாள். கடைகளை, விளக்குகளை, ஆட்களை எல்லாம் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

கட்டடத்துக்குள் நுழைந்தோம். குண்டூசி காவலாளியிடம் ஏதோ சொல்லிச் சிரிக்க நின்றான். லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே இருட்டு. கோடு போட்ட பத்தொன்பது. காலி.

பட்டாணி என்னைத் தாண்டிக்கொண்டு ஓடி உள்ளே ஏறினாள்.

முதல் ஆளாக.

எண் பூஜ்யமானது.

விளக்கு எரியவில்லை.

இருட்டுக்குள் அவள் திரும்பி நின்றாள். வெளியிலிருந்து வந்த கொஞ்ச வெளிச்சத்தில் முன்பல் இல்லாத அந்தச் சிரிப்பு மட்டும் தெரிந்தது.

"வாங்க மாமா" என்றாள். "ஏன் நிக்கிறீங்க?"

பின்னாலிருந்து குண்டூசி வந்து, "என்னடா மரமா நிக்கிற?" என்று என்னை உள்ளே தள்ளினான். விளக்கு எரிந்தது. அவன் எண்ணைப் பார்க்கவே இல்லை. மகள் தலையைத் தடவிக்கொண்டிருந்தான்.

அன்று அவள் விளக்கில்லாமல் தூங்கினாள். கொடுத்ததையெல்லாம் சாப்பிட்டாள். "பயம் போயிடுச்சு பாருங்கண்ணா, எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று அவள் அம்மா பூரித்துப் போனாள். அவளிடம் நான் எப்படிச் சொல்வேன்? மறுநாள் காலை குண்டூசியைத் தனியாக அழைத்துச் சொன்னேன். லிஃப்டின் எண்ணைச் சொன்னேன், இருட்டைச் சொன்னேன். இன்னொரு தடவை அவளைக் கொட்டகைக்கு அழைத்துப் போகலாம் என்று கெஞ்சினேன். அவன் முகம் வெளுத்தது. உள்ளே போய்ப் பார்த்தான். பட்டாணி ஓடிவந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அங்க வேண்டாம்ப்பா, பயமா இருக்கு" என்று விம்மினாள்.

எந்த அப்பனால் அதற்கு மேல் தாங்க முடியும்? அவன் மனைவி குறுக்கே வந்து நின்றாள். "அண்ணா, உங்க கால்ல விழறேன். என் பிள்ளையைப் பயமுறுத்தாதீங்க. ஊருக்குக் கிளம்பிடுங்க."

அவள் தோளுக்கு மேலாகப் பட்டாணி என்னைப் பார்த்தாள். விம்மல் எப்போதோ நின்றிருந்தது.

பையை எடுத்துக்கொண்டு நேராகக் கொட்டகைக்குப் போனேன். அக்கா அப்போதுதான் கதவைத் திறந்து வைத்திருந்தார். காலித் தகடு. முள் இருபத்திரண்டில் நின்றது.

"நேத்துலேருந்து இங்கதான் நிக்குது தம்பி."

தகட்டின் விளிம்பில் போய் நின்றேன். "பட்டாணி" என்று கூப்பிட்டேன்.

முள் துடித்தது. ஒரு பிள்ளை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றால் எவ்வளவு துடிக்குமோ, அவ்வளவு.

நான் ஏறினேன், இறங்கினேன். கையை நீட்டிக்கொண்டு நின்றேன். பிடித்துக்கொள்ளம்மா, மாமா வந்திருக்கேன் என்று அழுதேன். கையில் எதுவும் படவில்லை. நான் இறங்கிய பிறகு முள் இருபத்திரண்டைவிட்டு அசையவில்லை. அவள் இறங்க வேண்டுமென்றால் யார் மறுபடி ஏற வேண்டும் என்று எனக்குத் தெரியும். அங்கே வீட்டில் இருக்கிறவளை இதில் ஏற்ற என்னால் முடியாது. யாராலும் முடியாது. அவள் இப்போது அம்மா இடுப்பில் இருக்கிறாள்.

கடைசியில் அக்காவிடம் ஒன்று மட்டும் கேட்டேன்.

"கொட்டகையை மூடும்போது அந்த லைட்டை மட்டும் அணைக்காதீங்கக்கா. இருட்டுன்னா பயம் பிள்ளைக்கு."

அக்கா முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினார். என் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு நான் அந்த நகரத்துக்குப் போகவில்லை. போனால் குண்டூசி கதவைத் திறக்க மாட்டான். ஆனால் மனசு கேட்காமல் அவனே எப்போதாவது கூப்பிடுவான், பழைய நண்பன் அல்லவா. ஒரு வருஷம் கழித்துக் கூப்பிட்டபோது குரலில் கவலை தெரிந்தது. பட்டாணி நன்றாகத்தான் சாப்பிடுகிறாளாம், நன்றாகத்தான் படிக்கிறாளாம். ஆனால் போன வருஷத்து உடுப்பு இன்னும் அப்படியே போடுகிறாளாம். விழுந்த முன்பல் முளைக்கவே இல்லையாம். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாராம்.

"ஏன்டா இவ வளரவே மாட்டேங்கிறா?" என்று கேட்டான்.

எதையோ சொல்லிச் சமாளித்துவிட்டு வைத்தேன்.

அந்த வாரமே கொட்டகையிலிருந்து அக்கா கூப்பிட்டார். முதல் தடவையாகக் கூப்பிடுகிறார்.

"லைட்டு எரியுது தம்பி. ஒரு நாள்கூட அணைக்கல" என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "முள்ளு இருபத்திமூணுக்கு வந்திருக்கு."